ஒன்று நாற்பதுக்கு வெளிக்கிட்டவள்

போகாதே என்று எனக்குச் சொன்னவர்களை எண்ணக் கைவிரல்கள் போதவில்லை. கணவர் சொன்னார், அவரைப் பெற்ற மாமி சொன்னார், நான் வேலை செய்யும் பல் வைத்தியசாலையில் பல் சுத்தம் செய்யும் பெண் சொன்னாள், வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் வழக்கமாக மரக்கறி வாங்கும் கடையில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவரும் சொன்னார். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சட்டம் படிக்காத வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. குடிவரவு பற்றி வாயைத் திறந்தால் நாலு பேரிடம் ஆறு பதில் கிடைக்கும். ஆறும் உறுதியான பதில்கள்.

என் நிலைமை இதுதான். நான் ரொறன்ரோவுக்குப் படிக்க வந்தவள். படிப்பு முடிந்து, வேலை எடுத்து, இங்கே குடியுரிமை உள்ள ஒருவரைக் கலியாணம் கட்டினேன். அவர் என்னைப் பொறுப்பேற்க, நாட்டுக்குள் இருந்தபடியே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பம் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. இடையில் வெளிநாடு போகக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. ஆனால் திரும்பி வரும்போது உள்ளே விடுவார்கள் என்ற உத்தரவாதமும் இல்லை. வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அந்த விண்ணப்பத்தின் கதை அத்தோடு முடிந்தது. நான் அங்கே, கணவர் இங்கே, எல்லாம் முதலில் இருந்து. அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் இதைச் சொல்லும் நாலு வரிகளை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

போக வேண்டிய காரணம் என் தங்கை. என்னைவிட ஆறு வயது இளையவள். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அவளுடைய கணவருக்குக் கட்டாரில் வேலை. அவளுக்குப் பிள்ளை பிறக்கவிருந்த மாதம் விடுமுறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. அன்று நான் இங்கே பரீட்சை எழுதிவிட்டு வந்து, போனில் "அழாதை" என்று சொன்னேன். வேறொன்றும் செய்யவில்லை. அதற்காக என்மேல் எனக்கு வந்த கோபம் சின்னக் கோபம் அல்ல.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது தங்கை போன் எடுத்தாள். "அக்கா, நீ வராட்டிலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டு அன்ரி ஆசுபத்திரிக்கு வாறன் எண்டு சொல்லியிருக்கிறா," என்றாள்.

என் தங்கை பரவாயில்லை என்றால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். "நான் வாறன்," என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். யோசித்த பிறகும் மாற்றவில்லை.

என் கணவருக்குச் சண்டை போடத் தெரியாது. விட்பியில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறார். பாரத்தை எப்படிப் பார்த்துப் பார்த்துத் தூக்குவாரோ அப்படித்தான் வார்த்தையையும் தூக்குவார். நான் போகிறேன் என்றதும் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"நீர் திரும்பி வர ஏலாமல் போனால்?"

"ஏன் ஏலாமல் போகுது? விசா இன்னும் நாலு மாதம் இருக்கு. வேலை அனுமதி இருக்கு."

"ஏலாட்டி எண்டு கேக்கிறன்."

"ஏலாட்டி அங்கயிருந்து திரும்பப் போடுவம். ரெண்டு வருசமோ மூண்டு வருசமோ, எடுக்கிறது எடுக்கட்டும்."

"லேசாச் சொல்லுறீர். இஞ்ச நான் ஒருத்தன் இருக்கிறன் எண்டதை மறந்து போனீரோ?"

"மறக்கேல்லை. நீங்கள் இருக்கிறீங்கள் எண்ட துணிவிலதான் போறன்," என்றேன். அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன். பாதிக்குமேல் உண்மை இல்லை. என் துணிவு முழுவதும் என் பிடிவாதம்தான். எங்கள் வீட்டில் எனக்கு அதற்காகவே பட்டப்பெயர் இருந்தது.

நான் போவது நிச்சயம் என்று தெரிந்ததும் மாமி கட்சி மாறிவிட்டார். அதுவரை போகாதே என்றவர், இனிப் போகும் விதத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இங்குள்ள கோயில் அச்சடித்துக் கொடுக்கும் நாட்காட்டி ஒன்று எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கும். ரொறன்ரோவின் சூரியனுக்கே கணித்த நேரங்கள். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றார். விமானம் ஞாயிறு இரவு ஒன்பது ஐம்பதுக்கு. வீட்டிலிருந்து ஐந்து மணிக்கு வெளிக்கிட வேண்டும். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு மணி வரை ராகு காலம்.

"மாமி, பிளேனுக்கு ராகு காலம் தெரியாது," என்றேன்.

"பிளேனுக்குத் தெரியத் தேவையில்லை. உனக்குத் தெரிஞ்சால் காணும். ஒண்டு நாப்பதுக்கு நல்ல நேரம். அப்ப வீட்டை விட்டு இறங்கு. கீழ ஆறாம் மாடி அன்ரி வீட்டில இருந்திட்டு, நேரம் வரேக்க அங்கயிருந்து போ. வெளிக்கிட்டது ஒண்டு நாப்பதுக்கு எண்டுதான் கணக்கு."

இப்படிச் செய்வது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. பயணம் போகிறவர் நல்ல நேரத்தில் படலையைத் தாண்டி வேறொரு வீட்டில் போய் இருந்துவிட்டு, வசதியான நேரத்தில் அங்கிருந்து போவார். ஒரே விதி, இடையில் தன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. ஊரில் அயல் வீடு. இங்கே டோர்செட் பார்க்கில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்ற்றில் ஐந்து மாடி கீழே.

ஒன்று நாற்பதுக்கு மாமி எனக்குத் திருநீறு பூசினார். நான் இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு பதினோராம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்கு வெளிநாட்டுப் பயணம் போனேன். லிஃப்ற்றுக்குள் எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அன்ரி கதவைத் திறந்தபோதும் சிரித்துக்கொண்டே நின்றேன். அன்ரி சிரிக்கவில்லை. இந்த விசயங்களில் அவர் மாமியைவிடக் கடுமையானவர்.

"சிரியாதை பிள்ளை. நான் லண்டனுக்குப் போகேக்க இஞ்ச ஒருத்தரையும் பழக்கமில்லை. கீழ லோண்டரி றூமில மூண்டு மணித்தியாலம் பெட்டியோட குந்தியிருந்தனான். ஒரு குறையும் வரேல்லை," என்றார். றோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. நான் பெட்டிகளோடு சோபாவில் இருந்து, தட்டைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்து, "வெளிக்கிட்டிட்டன்" என்று தங்கைக்கு அனுப்பினேன்.

இரண்டு மணிக்குக் கைப்பையைச் சரிபார்த்தபோதுதான் நீலக் கோப்பு இல்லை என்று கண்டேன். என் வேலை அனுமதி அதற்குள் இருந்தது. விசாவைக் கடவுச்சீட்டில் ஒட்டுவார்கள். வேலை அனுமதி தனிக் கடதாசி. திரும்பி வரும்போது காட்ட வேண்டியது அதைத்தான். மறக்கக் கூடாது என்று குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, கண்ணில் படும்படி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நாட்காட்டியைப் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை.

மாமிக்குப் போன் எடுத்தேன். "வெளிக்கிட்ட ஆளுக்குப் பின்னால ஒண்டும் கொண்டு வரக் கூடாது பிள்ளை. அது சகுனப் பிழை. அதில்லாமல் போக ஏலாதோ?" என்றார். போக முடியும். போவதற்கு அது தேவையில்லை. வருவதற்குத்தான் தேவை. மேலே போய் எடுத்துவர இரண்டு நிமிடம். நான் எழுந்து வாசல்வரை போனேன். செருப்பில் கால் வைத்தேன். பிறகு வந்து மறுபடி சோபாவில் இருந்தேன்.

நாலே முக்காலுக்குக் கணவர் வேலையிலிருந்து நேரே அன்ரி வீட்டுக்கு வந்தார். விசயத்தைச் சொன்னதும், "உதுக்கென்ன, நான் ஏறி எடுத்தோண்டு வாறன். அம்மாட்ட நான் சொல்லுறன்," என்று திரும்பினார்.

"வேண்டாம்," என்றேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? உதுதானே முக்கியமான கடதாசி!"

"வேண்டாம் எண்டால் வேண்டாம். போனில படம் இருக்கு. விசா பாஸ்போட்டில இருக்கு. நான் பாத்துக்கொள்ளுவன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம். ராகு காலத்தைக் கேலி செய்தவள் நான். செத்தாலும் நம்பமாட்டேன் என்று மாமியோடு வாதம் செய்தவள் நான். அன்று அந்தக் கடதாசியை மேலேயே விட்டுவிட்டு வந்தவளும் நான்தான். மாமியின்மேல் பழி போட்டால் அது பொய்.

கொழும்பில் இருந்த மூன்று வாரத்தைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் தங்கையை ஆசுபத்திரியில் சேர்த்தேன். கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே வாங்குப் பலகையில் இருந்தேன். பிள்ளை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை; தாதி வந்து சொன்னதுதான். பெண் பிள்ளை, அழுதது, நல்லாய் இருக்கிறது. நான் அந்தத் தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்து, மெதுவாகக் கையை உருவிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த பிறகு தங்கை இரவில் படுக்க மறுத்தாள். பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ படு, நான் பாக்கிறன்," என்று சொல்லி, நான் பார்த்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கை அரைத்துக் காய்ச்சினேன், துணி தோய்த்தேன், பிள்ளையைக் குளிக்க வார்த்தேன். எனக்குப் பிள்ளை வளர்த்த அனுபவம் கிடையாது. வீடியோவைப் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்தேன். ஒரு வாரத்தில் தங்கை எனக்குப் பிழை பிடிக்கத் தொடங்கினாள். அவளுக்குச் சுகம் வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி.

கணவர் கோப்பைக் கூரியரில் அனுப்பட்டுமா என்று இரண்டு தரம் கேட்டார். வழியில் தொலைந்தால் இருப்பதும் போய்விடும் என்று நான் மறித்தேன். படத்தை அவர் தெளிவாக எடுத்து அனுப்ப, கொழும்பின் காலி வீதியில் ஒரு கடையில் வர்ணத்தில் அச்சடித்துக்கொண்டேன். கொழும்பு விமான நிலையத்தில் விசாவை மட்டும் பார்த்து ஏற்றிவிட்டார்கள். அந்தத் தடையைத் தாண்டியதற்கே நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் குடிவரவின் முதல் மேசையில் இருந்த இளைஞர் அச்சடித்த தாளை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "அசல் எங்கே?" என்றார். வீட்டில் என்றேன். பக்கத்து அறைக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்த அறையில் வரிசையாகக் கதிரைகள், எல்லாவற்றிலும் களைத்த முகங்கள். ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். என்னைக் கூப்பிட்ட அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். கண்ணாடியைத் தலைமுடிக்கு மேலே ஏற்றி வைத்திருந்தார். குரல் மரியாதையாக இருந்தது. முகத்தில் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியே போனால் என்ன நடக்கலாம் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அனுமதிக் கடதாசியை ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன்.

"மறந்தது எப்போது தெரிந்தது?"

"பிற்பகல் இரண்டு மணிக்கு."

"உங்கள் விமானம் இரவு ஒன்பது ஐம்பதுக்கு. இரண்டு மணிக்கே இங்கே வந்துவிட்டீர்களா?"

"இல்லை. எங்கள் கட்டடத்திலேயே, எங்கள் வீட்டுக்கு ஐந்து மாடி கீழே இருந்தேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "எவ்வளவு நேரம்?"

"மூன்று மணித்தியாலத்துக்கு மேல்."

"மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இருந்தும் மேலே போய் எடுக்கவில்லை?"

"இல்லை."

அவர் கணவரின் போன் இலக்கத்தை வாங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். கணவர் நீலக் கோப்போடு வெளியே நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அதிகாரி திரும்பி வந்து கண்ணாடியைக் கீழே இறக்கினார். "உங்கள் அனுமதி கணினியில் இருக்கிறது. கடதாசி எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை," என்றார். "ஆனால் உங்கள் கணவர் வேறு கதை சொல்கிறார். இருவரும் ஐந்து மணிக்கு உங்கள் வீட்டிலிருந்து அவசரமாகப் புறப்பட்டீர்களாம். விமான நிலையத்துக்கு வந்த பிறகுதான் கடதாசி இல்லை என்று கண்டீர்களாம். உங்கள் விண்ணப்பமே நீங்கள் இருவரும் ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதில்தான் நிற்கிறது. பயணம் போன அன்று எந்த வீட்டிலிருந்து புறப்பட்டீர்கள் என்பதற்கே எனக்கு இரண்டு பதில் கிடைத்திருக்கிறது. எது உண்மை?"

கணவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ராகு காலம், ஆறாம் மாடி அன்ரி, சகுனப் பிழை, இதையெல்லாம் ஒரு கனடிய அதிகாரிக்கு எந்த வாயால் சொல்வது? என்னைக் காப்பாற்ற நினைத்து, யாருக்கும் நடக்கக்கூடிய ஒரு சாதாரண மறதியை எடுத்து நீட்டியிருக்கிறார்.

எனக்கு முன்னால் லேசான வழி ஒன்று திறந்திருந்தது. "ஓம், அவர் சொல்வதுதான் சரி, பயணக் களைப்பில் குழம்பிவிட்டேன்" என்றால் போதும். அவருடைய கதை என்னுடையதைவிட நம்பக்கூடியது. நானாக இருந்தாலும் அதைத்தான் நம்புவேன். ஆனால் எனக்குத் தொழில் பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில். தினமும் நூல் போட்டுப் பல் சுத்தம் செய்கிறீர்களா என்ற கேள்விக்கு எல்லாரும் ஆம் என்று கோடு போட்டுத் தருவார்கள். அரை மணித்தியாலத்தில் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். ஒரு பொய்க்கு ஆம் போட்டால் பிறகு கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அதற்குப் பொருத்தமாகப் பதில் தேட வேண்டும். எனக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. இருந்தாலும் நான் பொய்யோடு உள்ளே வரத் தயாராக இல்லை.

"நான் சொன்னதுதான் உண்மை. என் கணவர் சொன்னது பொய்," என்றேன்.

என்னைப் பொறுப்பேற்றிருக்கும் மனிதரை ஒரு அதிகாரியின் முன்னால் பொய்யர் என்கிறேன் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. ஆனாலும் நிறுத்தவில்லை. நாளில் ஒன்றரை மணித்தியாலத்தைக் கூடாத நேரம் என்று எங்கள் ஆட்கள் ஒதுக்குவதைச் சொன்னேன். அதற்கு முன்பே வீட்டைவிட்டு இறங்கி வேறு வீட்டில் காத்திருப்பதைச் சொன்னேன். இறங்கியவர் திரும்பக் கூடாது என்பதைச் சொன்னேன். போனில் அன்ரி வீட்டுச் சோபாவில் பெட்டிகளோடும் றோல்ஸ் தட்டோடும் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். அதில் நேரம் இருந்தது, ஒன்று ஐம்பத்தெட்டு. என் கணவருக்கு இதைச் சொல்ல வெட்கம், அதுதான் காரணம் என்றேன்.

அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இதையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா?"

"இல்லை."

"பிறகு ஏன் மேலே போகவில்லை?"

"என் தங்கையின் முதல் பிள்ளை இறந்துதான் பிறந்தது," என்றேன். "நான் மேலே போய்விட்டு வந்து, இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது நடந்திருந்தால், நான் நம்பாவிட்டாலும் என் தங்கைக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. கடதாசிக்கு இங்கே வந்து பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

"நான் உங்களைத் திருப்பி அனுப்பினால்?"

"அங்கேயிருந்து மறுபடி விண்ணப்பிப்பேன். கிடைக்கும்வரை விண்ணப்பிப்பேன். என் வீடு இங்கேதான் இருக்கிறது."

அவர் மறுபடியும் கதவுக்குப் பின்னால் போனார். அந்தப் பத்து நிமிடத்தைப் போல ஒரு நேரத்தை நான் முன்பும் பின்பும் அனுபவிக்கவில்லை. கணவரை மறுபடி கேட்டிருக்கிறார். கணவர், "அவ சொன்னதுதான் சரி, மன்னிக்க வேண்டும்," என்றிருக்கிறார். அதிகாரி சிரிக்கவில்லை, என் தோளைத் தட்டவில்லை. கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார். கணினியில் நீளமாக ஏதோ எழுதினார். "அடுத்த முறை யார் என்ன சொன்னாலும் அசலைக் கையில் வைத்திருங்கள்," என்றார். "உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள், இங்கே யாரும் வெட்கப்படச் சொல்லிக் கேட்பதில்லை. உண்மையைத்தான் கேட்கிறோம்."

வெளியே அவர் நீலக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். என்னைக் கண்டதும் அழுதார். எனக்கும் கண் முட்டியது. ஆனால் கோபம் அதைவிட முன்னால் நின்றது. காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வரும்வரை பொறுத்துக்கொண்டேன்.

"ஏன் பொய் சொன்னீங்கள்?"

"உம்மை விசரி, மூளை பிசகினவள் எண்டு நினைச்சுப் போடுவினம் எண்டு பயந்திட்டன்."

"விசரி எண்டு நினைக்கட்டும். பொய்க்காரி எண்டு நினைக்கக் கூடாது. விசரியை உள்ள விடுவினம், பொய்க்காரியை விடமாட்டினம்."

"அவ என்னை ரெண்டாம் தரம் கேக்கேக்க, நீர் என்ன சொன்னனீர் எண்டு எனக்குத் தெரியாது," என்றார். "ஆனால் நீர் மாத்திச் சொல்லியிருக்க மாட்டீர் எண்டு தெரியும். அந்தத் துணிவிலதான் உண்மையைச் சொன்னனான்."

அவருடைய கையின்மேல் கையை வைத்தேன். எங்களுடைய கலியாணத்தில் அன்றைக்கு ஏதோ ஒன்று இறுகியது என்றுதான் நினைக்கிறேன். பத்திரத்தில் எழுதக்கூடிய விசயம் அல்ல.

அதிகாரி கணினியில் என்ன எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியாது. பொறுப்பேற்றவர் பொய் சொன்னார் என்று ஒரு வரி போதும், விண்ணப்பம் கவிழ. ஐந்து மாதம் அந்த ஒரு வரியோடுதான் வாழ்ந்தோம். தபாலும் மின்னஞ்சலும் வரும்போதெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். தங்கை போன் எடுத்தால் நான் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்பேன். எப்படி வந்தாய் என்று அவள் கேட்டபோது, பிரச்சினை ஒன்றும் இல்லை என்று மழுப்பிவிட்டேன். எல்லாருக்கும் உண்மை பேசிய வாய் தங்கைக்கு மட்டும் பேசவில்லை.

மின்னஞ்சல் ஒரு செவ்வாய்க்கிழமை வேலையில் இருக்கும்போது வந்தது. முன்னால் கன்னம் வீங்கிய ஒருவர் பெயர் பதிய நின்றார். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். இறுதிப் படி என்றிருந்தது. பக்கம் பக்கமாக விண்ணப்பத்தை நிரப்ப வைத்து, படங்களும் பத்திரங்களும் வாங்கியவர்கள் கடைசியில் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இப்போது நீங்கள் கனடாவுக்குள் இருக்கிறீர்களா?

மூன்று தரம் வாசித்தேன். ஆம் என்பதை அழுத்தினேன். இரண்டு கையாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். கன்னம் வீங்கியவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குப் பல் வலியா?" என்று கேட்டார். அவரை உள்ளே அனுப்பிவிட்டுக் கணவருக்கு எடுத்தேன். களஞ்சியத்தின் இரைச்சலுக்குள் அவர் எழுப்பிய சத்தம் என் காதை அடைத்தது.

பிறகு தங்கைக்கு எடுத்தேன். கிடைத்துவிட்டது என்றேன். இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று, விமான நிலையத்தில் நடந்ததையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் அக்கா," என்றாள் கடைசியில். "அத்தான் அண்டைக்கே சொல்லிப்போட்டார். உன்னட்டைக் கேக்கப் பயமா இருந்தது. எனக்காக வந்து உன்ரை பைல் போயிருந்தால், நான் இவளைப் பாக்கிற நேரமெல்லாம் அதைத்தான் பாத்திருப்பன்."

அவள் போனைப் பிள்ளையின் பக்கம் திருப்பினாள்.